கூழுக்குக் கிணற்றுத் தண்ணீர்

முழங்கால் அறுவை சிகிச்சைக்காகக் கோலாலம்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய கட்டடம் நின்றது. இளநீலச் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் கருப்புப் பளிங்குப் பலகை. கோயிலுக்கு யாரோ துணைச் சன்னதி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காரிலிருந்து இறங்கிக் கைத்தடியை ஊன்றி மெல்லப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பலகையில் தங்க எழுத்தில் ‘தாயார் நினைவாக’ என்று இருந்தது. கீழே இரண்டு கதவுகள். ஒன்றில் ஆண் படம், மற்றதில் பெண் படம்.

என் கண் கதவுகளில் நிற்கவில்லை. கட்டடத்தின் பின்னால், தரையோடு தரையாக, ஒரு வட்டமான சிமெண்டு மூடி இருந்தது. அதைப் பார்த்தேன். திரும்பி, சரிவில் கீழே இருந்த எங்கள் கிணற்றைப் பார்த்தேன். மறுபடியும் மூடியைப் பார்த்தேன்.

“வந்ததும் வராததுமா அங்க என்ன ஆராய்ச்சி? கால் வீங்கப்போகுது,” என்று மனைவி பெட்டியோடு நின்று குரல் கொடுத்தாள்.

நான் சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வரவேற்பறையைப் பார்ப்பார்கள். நான் கொல்லைக்குப் போவேன். கிணறு எங்கே, மலத்தொட்டி எங்கே, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்தால் போதும். அந்தக் குடும்பத்தின் வயிற்றைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியவேண்டியதில்லை. என் திருமணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் கொல்லையைப் பார்த்தேன் என்று மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். பார்த்தது உண்மைதான். திருப்தியாக இருந்தது.

கோத்தா திங்கியிலிருந்து பண்டார் தெங்காரா போகும் பக்கம், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் நாங்கள் நிலம் வாங்கியபோது அரசாங்கக் குழாய் பெரிய சாலைச் சந்திப்போடு நின்றிருந்தது. இன்னமும் அங்கேதான் நிற்கிறது. ஆகவே கிணறு தோண்டினோம். இடுப்பளவு சுவர், சுற்றிலும் சிமெண்டுத் தளம், மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. எங்கள் செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து முடிந்த அளவு விலக்கி, வீட்டுக்கும் கீழே, சரிவு முடியும் இடத்தில் வைத்தேன். அடியிலும் சுவரிலும் கான்கிரீட்; உள்ளே இரண்டு அறைகள். அது நிரம்பித் தகராறு செய்வதற்கு முன்பே கசடு உறிஞ்சும் லோரி வந்துவிடும். “நம்ம வீட்ல நம்மளவிட டேங்குதான் ஒழுங்கா செக்கப் போகுது,” என்பாள் மனைவி.

மேட்டில் எங்களை ஒட்டியிருப்பது கோயில் நிலம். பழைய தோட்டத்து மாரியம்மன். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு, சனங்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டாலும், வெள்ளிக்கிழமைகளிலும் ஆடி மாதத்திலும் திரும்பி வருவார்கள். என் மனைவி அந்தத் தோட்டத்து வாத்தியாரின் மகள். அந்தக் கோயிலில் காது குத்தியவள். இந்த நிலத்தை வாங்கியதே அதற்காகத்தான். ஆடிக் கூழுக்குத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து போகும். முதல் குடத்தை அவள்தான் சேந்திக் கொடுப்பாள். வருடத்தில் அந்த ஒரு காலையில் அவள் நடையே மாறிவிடும்.

கூழைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் பயம் முழுவதும் அதில்தான் இருந்தது. முதல் நாள் காய்ச்சிப் புளிக்க வைப்பார்கள். காலையில் அது கட்டியாக இறுகியிருக்கும். அதில் பச்சைத் தண்ணீரும் மோரும் ஊற்றிக் கையால் கரைப்பார்கள். கொதிக்க வைத்த பொருள் என்ற பாதுகாப்பு அந்த இடத்தில் முடிந்துபோகிறது. பிறகு கைக்குழந்தையிலிருந்து கிழவர்கள் வரைக்கும் வெயிலில் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பார்கள். குழாய்த் தண்ணீரைப் பெரிய சாலையிலிருந்து கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், கூழ் காய்ச்சும் அக்கா பேசவே விடமாட்டார். குளோரின் மருந்து வாசம் வரும், அம்மாளுக்கு ஆகாது என்பார். நான் பல வருடங்களாக அந்த அக்காவின் கட்சி. எங்கள் கிணற்றின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் மாலை கோயில் தலைவர் என்னைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். குரலும் லோரியின் குரல்தான்.

“கால் எப்படி சார்? நம்ம டாய்லட்ட பார்த்தீங்களா? உள்ள ஃபேன்லாம் வச்சிருக்கேன்லா.”

“பார்த்தேன். ஏன் என் வேலிகிட்ட?”

“அம்மாளுக்குப் பக்கத்துல வைக்க முடியுமா சார்? கருவறையிலேர்ந்து டேப் புடிச்சி அளந்தோம். நம்ம நிலத்துல எவ்வளவு தள்ளிப் போகலாமோ அவ்வளவு தள்ளி. கடைசி மூலை இதான். ஒரு அடி உள்ள வந்தாலும் வேலைய நிறுத்திருவேன்னு கொந்திராக்டர்கிட்ட ஸ்ட்ரிக்டா சொல்லிட்டேன்.”

“கிணத்துலேர்ந்து அளந்தீங்களா?”

“கிணறு உங்க நிலத்துல இருக்கு சார்.”

அந்தப் பதிலில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. நிலத்துக்கடியில் ஓடும் தண்ணீருக்குத்தான் எல்லைக்கல் தெரியாது.

“டேங்க் எப்படி?”

“முதல் தரம் சார். நீங்க கிணத்துக்கு வாங்கின அதே கடை சிமெண்டு வளையம்தான்.”

“அடியில?”

“அடியில மண்ணு. கான்கிரீட் போட்டா தண்ணி எப்படி எறங்கும்? அது நெறையவே நெறையாது சார். உங்கள மாதிரி லோரிய கூப்புட்டுக்கிட்டே இருக்க வேணாம்.”

நிரம்பாத தொட்டியைப் போல என்னைக் கலக்குவது வேறொன்றும் இல்லை. உள்ளே போவது எங்கேயோ போகிறது. போகும் இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும். பள்ளத்தில் என் கிணறு. அதிலும் எங்கள் பம்பு ஓடும்போதெல்லாம் கிணறு சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். இந்த வருடம் கூழுக்கு வேறு தண்ணீர் பாருங்கள் என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “கோச்சிக்காதீங்க சார். இது கிராணி புத்தி. எங்கம்மா பேர்ல ஒரு நல்லது பண்ணியிருக்கேன். அதுல ஒரு குத்தம் கண்டுபுடிக்கணும் உங்களுக்கு.”

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைக் கிராணி என்பார்கள். என் தகப்பனார் அப்படி வந்தவர்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. குற்றம் கண்டுபிடிப்பது எங்கள் குடும்பத் தொழில்.

வீட்டில் அன்றிரவே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினேன். பல் விளக்கவும் கூடாது என்றேன். மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள்.

“பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு.”

“கிருமிக்கு நிறம் கிடையாது.”

“வாசமும் இல்ல.”

“கிருமிக்கு வாசமும் கிடையாது.”

“அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

நியாயமான கேள்வி. மறுநாள் குழாய் வாயை நெருப்பில் வாட்டி, கிருமி நீக்கிய புட்டியில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மனைவியைக் காரை ஓட்டச் சொல்லி, ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். திருவிழாவுக்கு முன் முடிவு வருமா என்று கேட்டேன். வரிசை நீளமாக இருக்கிறது அங்கிள் என்றாள் அங்கிருந்த பெண். நான் வேலையில் இருந்த காலத்தில் என்னை யாரும் அங்கிள் என்று வரிசையில் நிறுத்தியதில்லை.

கிணற்றைப் பூட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றலாம். அப்படிச் செய்தால், சரிவில் அடுத்திருக்கும் கிணற்றுக்குப் போவார்கள். அதுவும் அதே மண், அதோடு மூடியும் இல்லை. கழிப்பறை கட்டிய கோபத்தில் அம்மாளுக்குத் தண்ணீர் மறுத்துவிட்டேன் என்ற பெயர் தனியாக வரும். அதை நான் தாங்குவேன், மனைவி தாங்கமாட்டாள். “ஆதாரம் இல்லாம அம்மாளுக்கு தண்ணி இல்லன்னு என் வாயால சொல்ல வைக்காதீங்க,” என்றாள். ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லாதே என்று ஊரெல்லாம் போதித்தவன் நான்.

ஆனால் ஆதாரம் தானாக வந்து சேரும் விதம் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு, ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பாய் விரித்துக் குழந்தைகளைக் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்றுதான் அங்கேயும் எல்லாரும் சொன்னார்கள். ஆடி பிறந்த நாளிலிருந்து அந்தப் பாய்களின் மேல் எனக்குத் தெரிந்த முகங்கள் வரத் தொடங்கின. அக்காவின் பேத்தி. தலைவரின் மருமகள், வயிற்றில் பிள்ளையோடு. நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வரிசைதான் கண்ணில் வந்து நிற்கும்.

மிச்சம் இருந்தது சாயப் பரிசோதனை. பள்ளிக்கூட ஆய்வுச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சிறிய டப்பா செம்பழுப்புப் பொடி வாங்கினேன். உடம்புக்கு ஒன்றும் செய்யாத பொடி; தண்ணீரில் கரைந்தால் பச்சையாகும். கழிப்பறையில் போட்டால், தொட்டித் தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். கிணற்றில் நிறம் தெரிந்தால் இரண்டுக்கும் வழி உண்டு என்று பொருள். தெரியாவிட்டால், நிச்சயமாக இல்லை என்று பொருள் அல்ல. அதையும் தலைவரிடம் சொன்னேன். முறைப்படி எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தப்பட்டவர் முன்னிலையில்தான் போடவேண்டும் என்பதும் முறை.

“வாங்க சார், போட்டுக் காட்டுங்க. அப்புறம் என்னைக் கொறை சொல்லக்கூடாது,” என்றார்.

திங்கட்கிழமை காலை இருவரும் அந்தத் தாயார் நினைவுக் கட்டடத்துக்குள் நின்றோம். நான் பொடியைக் கொட்டினேன். எனக்குக் குனிய முடியவில்லை. அவர்தான் ஃபிளஷை இழுத்தார். பளீரென்ற பச்சை சுழன்று இறங்கியது. “அலாமாக், டிஸ்கோ லைட்டு மாதிரி இருக்கு சார்,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வாரம் நான் சிரித்ததாக நினைவில்லை.

தினமும் ஒரு வெள்ளை எனாமல் குவளையில் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. புதன்கிழமை பெரிய மழை பெய்தது. தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடியதைச் சன்னலில் நின்று பார்த்தேன். வியாழனும் ஒன்றுமில்லை. எனக்கு வயதாகிவிட்டது, தலைவர் சொன்னது சரி, இது வெறும் கிராணி புத்தி என்று எண்ணிப் பார்த்தேன். அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் எண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தப்பாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை காலுக்குப் பயிற்சி; குவளையில் எடுத்துப் பார்க்காமலே கிளம்பினோம். மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகவேண்டும். வெள்ளிதோறும் அபிஷேகத்துக்கு ஒரு குடம் எடுக்க அக்காவிடம் கிணற்றுச் சாவி ஒன்று உண்டு. அம்மாளின் தலையில் ஊற்றுவது மட்டும், யார் வாயிலும் படக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வேலி ஓரம் முழுக்க மோட்டார் சைக்கிள்களும் கார்களும் நின்றன. குலவைச் சத்தம் சாலைவரை கேட்டது. கிணற்றுச் சுவரில் கற்பூரம் எரிந்தது. என் பம்புக்கு வேப்பிலை கட்டி, குங்குமம் வைத்திருந்தார்கள். அக்கா குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி அழுதுகொண்டிருந்தார்.

“மஞ்சத் தண்ணி! அம்மா மஞ்சத் தண்ணியா வந்துட்டாடி! ஆடி வெள்ளிக்கு வந்துட்டா!”

நான் குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தச் சாயத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பச்சை தெரியும். பித்தளைக் குடத்துக்குள் பார்த்தால் இளமஞ்சள். வெயிலில் யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. சனங்கள் மினரல் வாட்டர் புட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். கைப்பேசியில் படம் போய்க்கொண்டே இருந்தது. படம் போகப் போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

நான் கேட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாரும் குடிக்காதீங்க!” என்று கத்தினேன். என் குரல் குலவையில் போய்விட்டது. மனைவி கார் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியது.

“இது மஞ்சள் இல்ல. சாயம். நான் போட்ட சாயம். டாய்லட்ல போட்டது கிணத்துக்கு வந்திருக்கு. டாய்லட்ல இருக்கிற எல்லாமும் அதோட வந்திருக்கு.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“கெணத்துல என்னமோ போட்டுட்டு அம்மா மேல பழிய போடுறாரு!”

“டாய்லட் கட்டுனதிலேர்ந்தே அவருக்குப் புடிக்கல.”

“யாழ்ப்பாணத்து சார், ஆபீஸ் வேலையெல்லாம் ஆபீஸோட வச்சிக்குங்க. சாமி விஷயத்துல வேணாம்.”

தலைவர் கூட்டத்தின் நடுவில் கழுத்தில் மாலையோடு நின்றார். அற்புதம் நடந்த கோயிலின் தலைவர் என்று யாரோ மாலை போட்டுவிட்டிருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பளிங்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறக்காவிட்டால் நான் ஒரு பைத்தியக்காரக் கிழவன். வரும் ஞாயிறு போய் அதற்கடுத்த ஞாயிறு அந்தத் தண்ணீர்தான் கூழுக்குப் போகும். இப்போது அது சாதாரணக் கிணற்றுத் தண்ணீரும் அல்ல. தீர்த்தம்.

என் மனைவி காரிலிருந்து இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். “தலைவரே, இவரு சொன்னா நம்ப மாட்டாங்க. இவரு எப்பவும் இப்படித்தான்னு தெரியும். வருஷா வருஷம் மொதல் கொடத்த நான்தான் சேந்திக் குடுக்கிறேன். இந்த வருஷம் எதச் சேந்திக் குடுக்கிறேன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் குடுக்கிறேன்.”

அவர் நெற்றியிலிருந்து வேர்வை விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“சார் கெணத்துல போடல,” என்றார். லோரிக் குரல் சைக்கிள் மணி அளவுக்கு வந்திருந்தது. “டாய்லட்லதான் போட்டாரு. நான் பக்கத்துல நின்னேன்.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “நான்தான் ஃபிளஷ் இழுத்தேன்.”

அக்கா குடத்தைக் கீழே போட்டார். “நாசமாப் போறவனே! அபிஷேகம் பண்ணிட்டேனேடா!”

புட்டிகளைத் திறந்து கொட்டும் சத்தம் வேலி நெடுகக் கேட்டது. ஒரு பெண் கையைக் கழுவ இடம் தேடி என் குழாயடிக்கே ஓடினாள். பாதி வழியில் அது எங்கிருந்து வரும் தண்ணீர் என்று நினைவு வந்து அப்படியே நின்றாள். நான் காரிலிருந்த குடிதண்ணீரைக் கொடுத்தேன். யாராவது குடித்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். இல்லை, இல்லை என்றார்கள். வீட்டில் சாமிக்கு வைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம். பக்தி சில நேரம் நல்ல இடைவெளி கொடுக்கிறது. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “ஒருத்தி போயிட்டாளே! மொதல்ல வந்தவ. மகளுக்கு அம்மை போட்டிருக்குன்னு ஒரு போத்தல் வாங்கிக்கிட்டு மோட்டார்ல போயிட்டா.”

அம்மை போட்ட குழந்தை. ஏற்கெனவே காய்ச்சலில் துவண்டு கிடக்கும். அதற்கு இந்தத் தண்ணீர்.

அவளுடைய கைப்பேசி எண் யாரிடமும் இல்லை. பண்டார் தெங்காரா பக்கம் குறைந்த விலை வீடுகளில் இருக்கிறாள் என்று மட்டும் அக்காவுக்குத் தெரிந்தது. தலைவர் லோரியைக் கிளப்பினார். என் காலைப் பிடித்து மேலே ஏற்றியதும் அவர்தான். வழி நெடுகச் செம்பனை. ஒரு தடவை மட்டும், “அந்தப் பொடி ஒண்ணும் செய்யாதுல்ல சார்?” என்றார். பொடி ஒன்றும் செய்யாது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நிலைவாசலில் வேப்பிலை செருகியிருந்த வீட்டைத் தேடினோம். இரண்டாவது வரிசையில் இருந்தது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று அந்த இளம்பெண் வாசலிலேயே நிறுத்தினாள். அம்மை இருக்கும் வீட்டில் அப்படித்தான். எங்கள் இலாகாவும் அதையேதான் சொல்லும். கதவிடுக்கில், பாயில், வேப்பிலைக்கு நடுவில் ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். தலைமாட்டில் புட்டி. முக்கால்வாசி இருந்தது.

“மிச்சம் எங்கம்மா?” என்றேன்.

“வேப்பிலையில தொட்டு மேல தெளிச்சேன் சார்.”

“குடிக்கக் குடுத்தியா?”

“மூடியில ஊத்தி ஒரு வாய். அம்மா தண்ணிதானே?”

தலைவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி,” என்றார், “அது நான் கட்டுன கக்கூஸ் தண்ணி. மன்னிச்சிரு.” இரண்டாம் தடவை சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, “இப்ப என்ன செய்யணும்?” என்றாள். என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லவேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் எந்த உப்புநீரை எப்படிக் கொடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாய் என்பது கொஞ்சம்தான் என்றும் சொன்னேன். கொஞ்சம் போதும் என்பதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன, நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றும் நடக்காவிட்டாலும். ஒவ்வொரு நோய்க்கும் வெளியே தெரிய ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்கு ஒரு சில மணி நேரம், சிலவற்றுக்கு வாரக்கணக்கு. தெரியாதவன் ஒரு நாள் பயந்துவிட்டுத் தூங்கலாம். நான் ஒவ்வொரு கெடுவாகக் கடந்தேன். காலையும் மாலையும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். முதலில் மரியாதையாகப் பேசினாள். பிறகு, “சார், அவ ஆயி போனா நானே கூப்புட்டுச் சொல்றேன், நீங்க சாப்புடுங்க,” என்றாள். மனைவி எனக்குக் கேட்காதபடி குழந்தைக்காக ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். எனக்குக் கேட்டது.

இதற்கிடையில் கூழ் வேலை நடந்தது. கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். தொட்டியை உறிஞ்ச லோரி வந்தது. உறிஞ்ச உள்ளே அதிகம் இல்லை. தலைவர் புதிய நீலப் பீப்பாய்கள் வாங்கி, தன் வீட்டுக் குழாயில் நிரப்பி, குலை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். லோரியையும் பீப்பாயையும் நான் நின்று கழுவ வைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீச்சல் கொளத்துல கூழ் கரைக்கச் சொல்றாங்க,” என்று அம்மாளிடமே முறையிட்டார். முதல் குடத்தை இந்த வருடம் யார் கொடுப்பது என்று ஒரு பேச்சு வந்தது. என் மனைவி பீப்பாயிலிருந்து மொண்டு கொடுத்தாள். வழக்கமான நடை இல்லை. ஆனால் கொடுத்தாள்.

கூழ் தயாரானதும் யாரும் முன்னால் வரவில்லை. பாத்திரங்களோடு தள்ளி நின்றார்கள். தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்று தலைவர் மைக்கில் இரண்டு தடவை சொல்லியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு தடவை பயந்த சனம். அதைப் பயமுறுத்தியவன் நான். அக்கா ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“நீங்கதான் சார் மொதல்ல.”

அக்காவின் நகங்களைப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு வராது. வெட்டித் தேய்த்துக் கழுவியிருந்தார். குடித்தேன்.

என் கிண்ணம் காலியாவதைப் பார்த்துத் தள்ளி நின்றவர்கள் வரிசையாக நகர்ந்து வந்தார்கள். அந்த வரிசையில், வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றி முடித்த அடையாளமாக நெற்றியில் மஞ்சளோடு, அந்தச் சின்னப் பெண் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் பொருக்கு உதிர்ந்த தடங்கள். நான் அவள் கண்களைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. கையைப் பிடித்துப் பேசுவதுபோல் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு உடனே மறைந்தது.

“சார், வலிக்குது அவளுக்கு,” என்றாள் தாய், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் கடக்காத கெடு ஒன்று, வாரக்கணக்கில் வரும் மஞ்சள் காமாலைக்கானது, பாக்கி இருந்தது. அது எனக்கும் நான் சொல்லியிருந்த அந்தத் தாய்க்கும் மட்டும் தெரியும்.

குழந்தை கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது. பாதியில் நிறுத்தி மூக்கைச் சுருக்கியது.

“அம்மா, மருந்து வாசம் அடிக்குது.”

“அடிக்கட்டும்,” என்றேன். “நல்லா அடிக்கட்டும். குடி.”